காப்புக் கையும் சண்டை மெஷினும்

“…கையில இருக்கிறது என்னான்னே தெரியாம நான் எப்படிலா சரின்னு சொல்றது? வேணாம்னுதான் எப்படிச் சொல்றது?” என்றான் தம்பின்காரன்.

அவன் சீன இளவட்டம். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவன். தம்பின் ஊர்ப் பசாருக்கு, அதாவது சந்தைக்குப் பின்னால் அவன் அப்பாவுக்கு ரப்பர் ஒட்டுப்பால் வாங்குகிற கடை. சுற்றுத் தோட்டத்துச் சனமெல்லாம் ஒட்டுப்பால் மூட்டையை அங்கேதான் கொண்டுபோய் இறக்கும். தராசுக்குப் பக்கத்திலேயே வளர்ந்ததால் எங்கள் தமிழ் அப்படியே அவன் வாயிலும் இருந்தது, வசவு உட்பட.

நாங்கள் நின்றது சிரம்பான் டவுனில் ஒரு மாடிக் கடை. சண்டை மெஷின் கடை. தொண்ணூறுகளில் ஊருக்கு ஊர் இப்படிக் கடைகள் இருந்தன. ஒரு பெட்டி, ஒரு திரை, அதன் முன்னே இரண்டு முக்காலி. ஆளுக்கு ஒரு கைப்பிடி, சில பட்டன்கள். டோக்கனைப் போட்டால் திரையில் உன் ஆளும் என் ஆளும் அடித்துக்கொள்வார்கள். தோற்றவன் எழுந்துவிட வேண்டும். ஜெயித்தவன் உட்கார்ந்திருக்கலாம், அடுத்தவன் டோக்கன் போடுவான்.

அன்றைக்கு நடந்தது அந்த வட்டாரத்துக் கடைகளுக்கெல்லாம் பொதுவான போட்டி. கடைசி ஆட்டம் எனக்கும் தம்பின்காரனுக்கும். மெஷின்களைக் கடைகளுக்கு வாடகைக்கு விடுகிற கம்பெனியிலிருந்து ஒருவர் கோலாலம்பூரில் இருந்து வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, இடுப்பில் சாவிக்கொத்து. ஜெயிக்கிறவனைக் கம்பெனி வேலைக்கு எடுத்துக்கொள்ளும் என்று சொல்லியிருந்தார். வேனில் ஊர் ஊராகப் போக வேண்டும், கடையில் உட்கார வேண்டும், வருகிறவனோடெல்லாம் ஆட வேண்டும். அதற்கு மாதச் சம்பளம். ரந்தாவ் பக்கத்துத் தோட்டத்தில், எண்ணெய் எடுக்கிற செம்பனைக் குலையைத் தூக்கி லோரியில் எறிந்துகொண்டிருந்த எனக்கு, விளையாடினால் சம்பளம் என்பது ஏதோ பொய் மாதிரித்தான் கேட்டது. ஆனாலும் அந்தப் பொய் எனக்கு வேண்டியிருந்தது.

இடையில் வந்து நின்றது என் வலது மணிக்கட்டில் இருந்த ஒரு கயிறு. “எதிராளி ஆட்சேபிக்கலைன்னா அதோட ஆடலாம். ஆட்சேபிச்சா அவுக்கணும். அவுக்கலைன்னா போட்டியில இல்லை” என்று கம்பெனிக்காரர் மலாயில் தீர்ப்புச் சொல்லிவிட்டார். கடை முழுக்கத் தம்பின்காரன் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றது. அப்போதுதான் அவன் அந்தக் கேள்வியைக் கேட்டான்.

அந்தக் கயிறு வருவதற்கு ரொம்ப முன்னாலேயே என் மேல் சந்தேகம் வந்துவிட்டது. அதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

நான் ஆடப் பழகியது ரந்தாவில் ஒரு சின்னக் கடையில். தோட்டத்திலிருந்து பஸ் ஏறி வந்தால் திரும்பிப் போகிற பஸ் எப்போது வரும் என்று டிரைவருக்கே தெரியாது. சட்டைப் பையில் ஒரு டோக்கனுக்குத்தான் வழி இருக்கும். பஸ் வருகிற வரைக்கும் அந்த ஒன்று தாங்க வேண்டும். மற்றவர்கள் ஜெயிக்கப் பழகினார்கள், நான் தோற்காமல் இருக்கப் பழகினேன். இரண்டும் ஒன்று என்று நினைப்பீர்கள். இல்லை. ஜெயிக்க நினைக்கிறவன் பாய்வான், குதிப்பான், பட்டனை உடைப்பான். நான் திரையில் தாடி வைத்த ஒரு கிழட்டு மல்லனை எடுத்துக்கொண்டு மூலையில் குனிந்து உட்கார்ந்திருப்பேன். தடுப்பேன். எதிராளிக்குப் பொறுமை போகும். பொறுமை போனவன் குதிப்பான். குதித்தவன் இறங்குகிற இடம் எனக்குத் தெரியும். அங்கே ஒரு அடி. அப்புறம் மறுபடி குனிந்துகொள்வேன்.

எங்கள் லோரி டிரைவர் ஒன்று சொல்வார்: “சும்மா இருக்கிறவன் கையிலதான்டா கத்தி இருக்கும்.” யாரைப் பற்றி எதற்காகச் சொன்னாரோ, எனக்கு அது பாடமாகிவிட்டது.

ஆனால் பார்க்கிறவன் கண்ணுக்கு எப்படி இருக்கும்? நான் ஒன்றுமே செய்யாமல் உட்கார்ந்திருக்கிறேன். எதிரில் இருக்கிறவன் நெற்றி வேர்க்கப் போராடுகிறான். கடைசியில் அவன்தான் விழுகிறான். பாய்ந்து அடித்து ஜெயித்தால் கெட்டிக்காரன் என்பார்கள். சும்மா இருந்து ஜெயித்தால் என்னமோ இருக்கிறது என்பார்கள்.

“இந்தப் பக்கத்து மெஷினுக்கு என்னமோ பண்ணி வெச்சிருக்கான்” என்று முதலில் கிளப்பினார்கள். சரி என்று இடம் மாறி உட்கார்ந்தேன். அங்கேயும் ஜெயித்தேன். “ரெண்டு பக்கமும் பண்ணிட்டான்லா!” என்றார்கள். தவுக்கே, அதாவது கடை முதலாளி, என்னை எழுப்பிவிட்டு முக்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்துப் பார்த்தார். அடியில் யாரோ ஒட்டிய பபிள்கம் இருந்தது. அதையும் சுரண்டிப் பார்த்தார். தோட்டத்தில் எங்களை வேலை வாங்குகிற மண்டோர் அடிக்கடி சொல்கிற மாதிரி, தோற்றவன் வாய்க்கு எந்தக் கடையிலும் மூடி விற்பதில்லை.

அப்படியே ரந்தாவிலிருந்து கோலப்பிலா, பகாவ், தம்பின் என்று சின்னச் சின்னப் போட்டிகளுக்குப் போக ஆரம்பித்தேன். கூட்டிப் போனது பக்கத்து வீட்டுக்காரன். உறவு ஒன்றும் இல்லை, தோட்டத்து வரிசை வீடுகளில் ஒரே லயத்தில் பிறந்ததால் மச்சான். அவனிடம் ஒரு பழைய மோட்டார் சைக்கிள் இருந்தது. ஏற்றத்தில் இறங்கித் தள்ள வேண்டும், இறக்கத்தில் சாமியைக் கும்பிட வேண்டும். வழி நெடுக அவன் பேசிக்கொண்டே வருவான், பாதி காற்றில் போகும்.

இந்தத் தொழிலில் முதலில் கெடுவது கண். திரையைப் பார்த்தல்ல, மனிதனைப் பார்த்துக் கெடும். அடுத்தவர் என்னைச் சந்தேகப்படப் பட, நானும் எல்லாரையும் சந்தேகப்படப் பழகிவிட்டேன். ஒரு ஊருக்குப் போனால் எனக்குக் கொடுத்த பக்கத்துக் கைப்பிடி தளர்ந்திருக்கிறதா என்று ஆட்டிப் பார்ப்பேன். பட்டன் ஒன்றை அழுத்தினால் கொஞ்சம் தாமதித்து எழும்புகிறதா? அது எதேச்சையா, ஏற்பாடா? எதிராளி சிரித்துக்கொண்டே வந்து “நல்லா ஆடு பங்காளி” என்று தோளைத் தட்டினால், எந்தத் தோள் என்று கவனிப்பேன். வலது தோளைத் தட்டினால் கை மரக்கட்டும் என்று தட்டுகிறான் என்பது என் எண்ணம். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். எனக்கு வெளிச்சத்திலும் தெரிந்தது.

மச்சானையும் விடவில்லை. அவன் ஏன் எதிராளிகளோடு அவ்வளவு நேரம் நின்று பேசுகிறான்? ஒரு தடவை கேட்டேவிட்டேன். “உன் மல்லன் குனிஞ்சுக்கிட்டே கெடக்கிறான். பாக்க எனக்கே கொட்டாவி வருது. பேச்சுத் துணைக்காவது ஆள் வேணாமா?” என்றான். சரிதான் என்று சிரித்தேன். சிரித்து முடித்ததும் மறுபடி அதே எண்ணம் வந்து உட்கார்ந்துகொண்டது.

இனிக் கயிறு.

அதற்கு முந்திய வருஷம் நான் லோரியின் மேலிருந்து குலையோடு சேர்ந்து விழுந்தேன். கால் முறிந்தது. சிரம்பான் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தபோது அம்மா எனக்குத் தெரியாமல் எங்கள் தோட்டத்து மாரியம்மனிடம் வேண்டிக்கொண்டுவிட்டார்: கால் நேரானால் என் மகன் தீ மிதிப்பான் என்று. கால் நேராயிற்று. “வேண்டுனது நீங்க, மிதிக்கிறது நானா?” என்று கேட்டேன். “வேண்டுறதுக்கு வாய் போதும், மிதிக்கத்தான் காலு வேணும். ஆத்தா குடுத்த காலுதானே, ஒரு நாளைக்கு அவளுக்குக் குடு” என்றார். அம்மாவிடம் பேசி ஜெயிக்கிற மெஷின் இன்னும் வரவில்லை.

தீமிதிக்கு முன்னால் காப்புக் கட்டுவார்கள். மஞ்சளில் தோய்த்த நூலில் ஒரு துண்டு மஞ்சள் கிழங்கை முடிந்து மணிக்கட்டில் கட்டிவிடுவார் பூசாரி. கட்டியாகிவிட்டால் நெருப்பில் இறங்கி ஏறுகிற வரைக்கும் அவிழ்க்கக் கூடாது. செருப்பில்லை, மாமிசமில்லை, படுக்கை கோயிலில். அந்த நாட்களுக்கு நடுவில்தான் சிரம்பான் போட்டி வந்து விழுந்தது.

பூசாரியிடம் போய் நின்றேன். அவர் சொன்னார்: “போ. வெளக்கு வெக்கிறதுக்குள்ள தோட்டத்து எல்லைக்குள்ள வந்துரு. வெளியில பச்சைத் தண்ணியும் குடிக்காதே. சாவு வீட்டு வாசல்ல நிக்காதே. கயித்துல கை வெச்சேன்னா, அப்புறம் உன் காலுக்கு நான் பொறுப்பில்ல.” அவ்வளவுதான். ஆனால் அந்தக் கடைசி வாக்கியம் முறிந்த இடத்தில் போய் வலித்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை மச்சானின் மோட்டாரில் சிரம்பான் போய்ச் சேர்ந்தோம். நான் வெறுங்கால். மாடிப்படி ஏறும்போதே ஒருவன் என் காலைப் பார்த்துவிட்டு இன்னொருவன் காதில் ஏதோ சொன்னான்.

காலை ஆட்டங்கள் எல்லாம் எனக்கே விழுந்தன. அதுவரைக்கும் ஒரே நாளில் இத்தனை பேரை நான் ஜெயித்ததில்லை. குனிந்தேன், தடுத்தேன், அவர்கள் குதித்தார்கள். கடைக்குள் விசிறி சுற்றியும் புழுக்கம். கையெல்லாம் வேர்வை. வேர்வை பட்டு மஞ்சள் கரைந்தது. எனக்கு அது தெரியவில்லை, என் கண் திரையில் இருந்தது.

கண்டுபிடித்தவன் சிரம்பான் ஜவுளிக்கடைக் குடும்பத்துப் பையன். நல்ல ஆட்டக்காரன், வேகக்காரன். என்னிடம் தோற்றான். “சைடு மாத்து, மறுபடி ஆடுவோம்” என்றான். விதியில் அதற்கும் இடம் இருந்தது, மாறி உட்கார்ந்தோம். அதாவது, நான் பிடித்த கைப்பிடியை இப்போது அவன் பிடித்தான். மறுபடியும் தோற்றான். எழுந்து நெற்றியைத் துடைக்கக் கையைத் தூக்கியவன் அப்படியே நின்றுவிட்டான். விரலெல்லாம் மஞ்சள்.

“ஏய், இது என்னாடா?” என்று கையை விரித்துக் காட்டினான். “கைப்பிடியில என்னமோ தடவி வெச்சிருக்கான்! அதான் என் கை ஓடல!”

எல்லாரும் ஓடிவந்து பார்த்தார்கள். கைப்பிடியின் உருண்டைத் தலையில் மஞ்சள். பட்டன்களில் மஞ்சள். காலையிலிருந்து நான் உட்கார்ந்த பெட்டிகளில் எல்லாம் போய்ப் பார்த்தார்கள். அங்கும் மஞ்சள். அம்மை வார்த்த வீட்டுக் கதவு மாதிரி ஆகிவிட்டது கடை. காலையில் என்னிடம் தோற்றவர்கள் எல்லாம் ஆளாளுக்குத் தங்கள் கையை மோந்து பார்க்க ஆரம்பித்தார்கள்.

“அதான் ஒன்னுமே செய்யாம ஜெயிக்கிறான்.”

“வெறுங்காலைப் பாரு. தரையிலேருந்து கரண்டு இழுக்கிறான்லா.”

“காலையிலேருந்து ஒரு வாய் தண்ணி குடிக்கல. கம்பெனிக்காரர் எல்லாருக்கும் ஐஸ் தண்ணி குடுத்தாரே, இவன் மட்டும் வேணாம்னுட்டான். மந்திரத்துக்கு விரதம்!”

ஒரு மலாய் அண்ணன் தலையை ஆட்டி, “போமோ வேலை” என்றார். போமோ என்றால் அவர்கள் ஊர் மந்திரவாதி. ஆனால் உண்மையைச் சொன்னால் மலாய்க்காரரும் சீனரும் பாதிதான் நம்பினார்கள். முழுசாக நம்பியது நம் ஆட்கள். காப்பு என்றால் என்ன என்று தெரிந்தவர்கள்தான். தங்கள் வீட்டிலேயே யாராவது கட்டியிருப்பார்கள். ஒருவர் மெல்ல, “காப்புன்னா அதுல மாரியம்மன் இருக்காள்ல. அப்போ இவனோட சேந்து ஆத்தாவும் ஆடுறா. அது ரெண்டு பேராச்சே?” என்றார். இதற்கு என்ன பதில் சொல்வீர்கள்? இல்லை, அதில் ஒன்றும் இல்லை என்று சொல்லவா? கட்டிய பூசாரிக்குப் போய்ச் சேர்ந்தால்? ஆமாம் என்று சொல்லவா? குனிந்தால் குட்டு, நிமிர்ந்தால் வெட்டு.

கம்பெனிக்காரரைக் கூப்பிட்டு வந்தார்கள். அவர் என் மணிக்கட்டைத் தொடாமல் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். உள்ளே காந்தம் இருக்கிறதா என்று கேட்டார். மஞ்சள் கிழங்கு என்றேன். சமையலுக்குப் போடுவதா என்றார். ஆமாம் என்றேன். அது அவருக்கு இன்னும் சந்தேகமாகப் போயிற்று. மீன் கறிக்குப் போடுவதை ஒருவன் கையில் கட்டிக்கொண்டு வருகிறான் என்றால் காரணம் இல்லாமல் இருக்குமா?

“அவுத்துரு. பிரச்சினை முடிஞ்சது” என்றார்.

“முடியாது” என்றேன். என் குரலை நானே கேட்டேன், லோரிக்கடியில் மாட்டிய பூனை மாதிரி இருந்தது.

மச்சான் என்னைப் படிக்கட்டுப் பக்கம் இழுத்துப் போனான். “டேய் மச்சான், நான் சொல்றதக் கேளு. அவுத்துப் பையில வெச்சுக்க. ஜெயிச்சதும் நானே கட்டிவிடுறேன். யாரு பாக்கப் போறா?”

“ஆத்தா பாப்பா.”

“ஆத்தா சிரம்பான் வரைக்கும் வருவாளா? அவளுக்குத் தோட்டத்துக்குள்ளதான்டா எல்லை!”

அவன் அக்கறையோடுதான் சொன்னான் என்று ஒரு மனம் சொன்னது. இன்னொரு மனம் கேட்டது: காலையில் ஜவுளிக்கடைப் பையனோடு இவன் ஏன் அவ்வளவு நேரம் பேசிக்கொண்டிருந்தான்? மஞ்சளைப் பார் என்று யார் சொல்லிக்கொடுத்தது? இன்றுவரை எனக்குத் தெரியாது. இப்போதும் அவன் பொங்கலுக்கு வீட்டுக்கு வருகிறான், சாப்பிடுகிறான், நான் கேட்கவில்லை. சில கேள்விகளைக் கேட்டால் பதில் வந்துவிடும்.

ஆனால் அந்தப் படிக்கட்டில் நின்றபோது அவனைவிடப் பெரிய சந்தேகம் ஒன்று என்னைப் பிடித்திருந்தது. அது என் மேலேயே. இதற்கு முன் ஒரு நாளும் இப்படி வரிசையாக ஜெயித்ததில்லையே. கயிறு ஏறிய பிறகுதானே இது? காலையில் ஒரு ஆட்டத்தில் என் விரல் பட்டனைத் தவறவிட்டது, ஆனாலும் அடி விழுந்தது. விழுந்ததா, அல்லது அப்படித் தெரிந்ததா? கயிறு இருந்தால் இந்த வெற்றி என்னுடையதா என்று தெரியாது. கயிறு இல்லாவிட்டால் காலே என்னுடையதா என்று தெரியாது. வேலை ஒரு பக்கம், அம்மாவின் வாய் ஒரு பக்கம். இரு தலையிலும் கொள்ளி, நடுவில் எறும்பு.

திரும்பி வந்து, “அவுக்க மாட்டேன். வேணும்னா என்னைப் போட்டியிலேருந்து எடுத்துருங்க” என்றேன். என் மலாயில் அது எப்படி ஒலித்ததோ, கம்பெனிக்காரர் சாவிக்கொத்தைக் குலுக்கினார். அவருக்கும் ஒரு கஷ்டம். கடை நிறைய ஆள். கடைசி ஆட்டம் நடக்காவிட்டால் அவர் மெஷினுக்குக் கெட்ட பேர். மந்திரக்காரன் ஜெயித்தால் அதைவிடக் கெட்ட பேர். அதனால்தான் முடிவைத் தூக்கித் தம்பின்காரன் தலையில் வைத்தார்.

அவனோடு அதற்கு முன் ஒரே ஒரு தடவைதான் ஆடியிருக்கிறேன். தம்பினில் ஒரு போட்டியில், அவனிடம் தோற்றேன். அவனும் பொறுமைக்காரன். திரையில் தொப்பி போட்ட ஒரு ஒல்லிப்பிச்சானை எடுத்துக்கொண்டு தூரத்திலிருந்தே சுண்டிக்கொண்டிருப்பான், கிட்டே வரமாட்டான். அவன் என்னைப் பார்த்துக் குதிக்க மாட்டான். அந்த வேலை எனக்கு எவ்வளவு வேண்டுமோ அவ்வளவு அவனுக்கும் வேண்டும், ஒட்டுப்பால் நாற்றத்திலிருந்து தப்பிக்க. ‘ஆட்சேபணை’ என்று ஒரு வார்த்தை சொன்னால் டோக்கன் போடாமலேயே வேலை அவனுக்கு. சொல்லாமல் இருக்க அவனுக்கு என்ன காரணம்? நான் யோசித்துப் பார்த்தேன், ஒன்றும் அகப்படவில்லை.

அவன் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்வதற்குள் கூட்டமே சொன்னது.

“வேணாம்னு சொல்லு தம்பி!”

“அவுக்கச் சொல்லு, பயந்துக்கிட்டு நிக்கிறான் பாரு!”

“அது மந்திரம். உனக்குக் கை மரத்துப்போகும்.”

அவன் கையைக் காட்டி அவர்களை அடக்கினான். “நான் அவரைக் கேட்டேன்லா. நீங்க எல்லாம் யாரு, அவரு வக்கீலா?” என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினான். “சொல்லுங்கண்ணே. என்னா அது?”

“காப்பு” என்றேன். “எங்க கோயில்ல நேர்த்திக்கடன். தீ மிதிக்கணும். அதுவரைக்கும் அவுக்கக் கூடாது.”

“ஜெயிக்கிறதுக்குக் கட்டுனதா?”

“காலுக்குக் கட்டுனது.”

“காலுக்குன்னா ஏன் கையில இருக்கு?”

கூட்டம் சிரித்தது. அவன் சிரிக்கவில்லை. அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது. சிரிக்கிறவன் மனசு தெரியும்.

“சரி. அப்போ எனக்கும் ஒன்னு கட்டிவிடுங்க. சமமாப் போயிரும்” என்றான்.

யாரோ ஒருவர், “சபாஷ், நியாயம்!” என்றார். நான் அவன் முகத்தையே பார்த்தேன். பொறி என்று எனக்குப் பட்டது, இரண்டு பக்கமும் வாசல் வைத்த பொறி. கட்டிவிட்டால் அது ஆட்டத்துக்கான மந்திரம்தான் என்று நானே ஒப்புக்கொண்டதாகும். கட்ட மாட்டேன் என்றால், பார், தனக்கு மட்டும் வைத்துக்கொள்கிறான் என்பார்கள். இவ்வளவு கெட்டிக்காரத்தனத்தை இவன் எங்கே கற்றான்? தராசுத் தட்டிலா?

“கட்டுறதுக்கு நான் பூசாரி இல்ல” என்றேன். “கட்டிக்கிட்டா நீயும் நெருப்புல இறங்கணும்.”

“நெசமான நெருப்பா?”

“விறகு அடுக்கி எரிச்ச தணல்.”

“எவ்வளவு தூரம்?”

“இந்தக் கடை நீளம் வரும்.”

அவன் கடையை வாசலிலிருந்து கடைசிச் சுவர் வரைக்கும் ஒரு பார்வை பார்த்தான். பிறகு என் வெறுங்காலைப் பார்த்தான். “நீங்க அதுல நடக்கப் போறீங்களா?”

“ஆமா.”

“பயமா இல்லையா?”

“இப்போ உன்னைப் பாத்துத்தான் பயமா இருக்கு” என்றேன். சொல்ல வேண்டும் என்று சொன்னதில்லை. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

கம்பெனிக்காரர் பொறுமை இழந்து, “ஆட்சேபணை இருக்கா, இல்லையா? ஒரே வார்த்தை” என்றார்.

இந்த இடத்தில் நிறுத்திவிட்டு, பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கேட்கிறவர்கள் எல்லாம் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள். அன்றைக்கு ஜெயித்தது நான். மயிரிழையில். கடைசிச் சுற்றில் மல்லனுக்கும் ஒல்லிப்பிச்சானுக்கும் உயிர் ஒரு நூலளவுதான் மிச்சம். எந்த மந்திரமும் இவ்வளவு கஞ்சத்தனமாக வேலை செய்யாது என்று நினைத்து மனசைத் தேற்றிக்கொண்டேன். விளக்கு வைப்பதற்குள் தோட்டத்து எல்லைக்குள் வந்தேன். தீ மிதித்தேன், கால் பழுதில்லை. காப்பை ஆற்றில் விட்ட பிறகு ஆடிய முதல் ஆட்டத்தில் தோற்றேன். அடுத்ததில் ஜெயித்தேன். அதிலிருந்தும் எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

கம்பெனி வேனில் சில வருஷங்கள் போனேன். ஜொகூர் வரைக்கும், ஈப்போ வரைக்கும். எந்த ஊரில் இறங்கினாலும் முக்காலியைக் கவிழ்த்துப் பார்க்க ஒருவன் இருந்தான். என் கையில் கயிறு இல்லாதபோது, கயிறு ஏன் இல்லை, எங்கே ஒளித்து வைத்திருக்கிறான் என்று தேடினார்கள். ஒரு ஊரில் சட்டைக் கையை மடிக்கச் சொன்னார்கள், இன்னொரு ஊரில் வாயைத் திறக்கச் சொன்னார்கள். பிறகு ஆளுக்கொரு மெஷின் வீட்டுக்கே வந்தது. கடைகள் மூடின, வேனும் நின்றது. நான் செண்டாயான் பக்கம் ஒரு தொழிற்சாலையில் சேர்ந்தேன்.

இதெல்லாம் எனக்குக் கிடைத்தது தம்பின்காரனின் ஒரே வார்த்தையால் என்று பலர் நினைக்கிறார்கள். அவன் வார்த்தை எதுவும் சொல்லவில்லை. ஆட்சேபணை இருக்கிறது என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

கம்பெனிக்காரர் கேட்டதும் அவன் கொஞ்ச நேரம் கைப்பிடியில் இருந்த மஞ்சளைப் பார்த்துக்கொண்டு நின்றான். கூட்டம் மறுபடி, “வேணாம்னு சொல்லு, வேணாம்னு சொல்லு” என்று தொடங்கியது. நான் மோட்டார் நிற்கிற இடம் வரைக்கும் எப்படி முகத்தை வைத்துக்கொண்டு நடப்பது என்று யோசிக்க ஆரம்பித்துவிட்டேன்.

அவன் தன் சட்டையின் மேல் பித்தானைக் கழற்றினான். உள்ளே கையை விட்டு ஒரு சிவப்புக் கயிற்றை இழுத்தான். அதன் நுனியில் சின்னதாக மடித்துத் தைத்த ஒரு துணிப் பொட்டலம். சீனக் கோயிலில் மந்திரம் எழுதிக் கொடுத்த தாளை உள்ளே வைத்து அவன் அம்மா தைத்ததாக இருக்க வேண்டும். வேர்வையில் ஊறி ஊறிக் கறுத்துப் போயிருந்தது. காலையிலிருந்து அவனோடு ஆடியவர்கள் ஒருவருக்கும் அது தெரியாது. அதைக் கம்பெனிக்காரர் முகத்துக்கு நேராகத் தூக்கிக் காட்டினான். ஜவுளிக்கடைப் பையனுக்கும் காட்டினான். பிறகு சட்டைக்கு வெளியே, எல்லாருக்கும் தெரிகிற மாதிரி நெஞ்சின் மேல் தொங்கவிட்டுக்கொண்டு, மஞ்சள் கறை பிடித்த பக்கத்து முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, டோக்கனைப் போட்டான்.